ராவிலே ஏழரை மணி

மட்டாஞ்சேரி,
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி கைப்பட எழுதுகிறேன். எதற்கென்றுதான் புரியவில்லை. அத்தான் உனக்கு வாங்கித் தந்திருக்கும் போனை எங்கள் கடையில் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ தபால் கவரில் கடிதம் கேட்கிறாய். தபாலாபீஸ் சேச்சி கவரைத் தரும்போது, "பரீட்சைக்கு அப்ளிகேஷனா மோளே?" என்று கேட்டார்.

நாம் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து எனக்கு இன்றும் நேராக வராது. அதனால் சின்ன வயதில் பாடப்புத்தகத்துக்குள் சீட்டு வைத்துக்கொள்வோமே, அதேபோல் நம் தமிழை மலையாள எழுத்தில் எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

இடப்பள்ளிக் கடையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. நம் வீட்டில் முதல் டிகிரி என்று அப்பா கார்ப்பரேஷன் லாரியில் கூட வேலை பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எனக்கோ வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேச இன்னும் கூச்சம். கையில் இருக்கும் போனைப் பார்த்தே பேசுவேன். அதனால் போனைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது, மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் போதுமா, லட்ச ரூபாய் போன்தான் நல்லதா? மேனேஜர் சிஜு சேட்டன், "பெரியதைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள், அதுவே பேசும்" என்கிறார். வாயை மூடுவதில் நான்தான் கடையில் முதலிடம்.

ஒரு கூத்து சொல்கிறேன். உங்கள் தென்காசிப் பக்கத்து இசக்கிராஜா அண்ணன் கடைக்கு செக்யூரிட்டியாக வந்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும், பாவம், ஊருக்குப் புதுசு. "நாளைக்கு ராவிலே ஒன்பதரைக்கு வந்துடுங்க அண்ணா" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் பகல் முழுக்க ஆளைக் காணோம். ராத்திரி ஒன்பதரைக்கு, கடையைச் சாத்திய பிறகு, குளித்துத் திருநீறு பூசி யூனிஃபார்மோடு வந்து நின்றிருக்கிறார். "நீங்கதானம்மா ராவுலன்னு சொன்னீய" என்கிறார். நமக்கு ராவிலே என்றால் விடிந்து சாயா குடிக்கிற நேரம், அவர்களுக்கு அது இருட்டு. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

போன வாரம் போனில் நீ எதையோ பார்த்து வாசிப்பது போலப் பேசினாய். உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது.

உன் தங்கை
ஸாதனா


தென்காசி,
17 ஜூலை 2025

என் சாதுவுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான்தான் முதலில் பிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, உன் தங்கச்சி பக்கம் பூரா ஜாங்கிரியாப் பிழிஞ்சு வச்சிருக்கா" என்று என் மடியில் போட்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஏன் கடிதம் கேட்டேன் என்று இப்போது தெரிகிறதா? இதையும் அவரே தபாலில் போடுவார். வாசிக்கத்தான் முடியாது.

அந்த போனை வாங்கிய அன்று அவரே உட்கார்ந்து எல்லாம் போட்டுக் கொடுத்தார். நான் பேசுவதெல்லாம் அதில் பதிவாகிறது, அவர் ராத்திரி சாப்பிட்டபடி கேட்பார். நான் எங்கே போனாலும் அவர் போனில் ஒரு நீலப் புள்ளியாகப் போகிறேன். பால் வாங்கப் பத்து நிமிடம். போன் கையில் இருக்க வேண்டும். ஒருநாள் பால் பூத்தில் கூட்டம், பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது. அதைப் பற்றி இதில் எழுத வேண்டாம்.

இங்கே வந்த முதல் நாள் "சாயா போடட்டுமா" என்று கேட்டேன். "மலையாளத்தான் பேச்சு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். அதன் பிறகு அவர் முன்னால் நம் வார்த்தை ஒன்றுகூட என் வாயில் வந்ததில்லை. பேசுவதையே குறைத்துக்கொண்டேன். நீ கண்டுபிடித்துவிட்டாய், போனில் நான் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கத்தான் செய்கிறேன்.

உங்கள் கடையில் விலை குறைந்ததில் நல்லதாக ஒரு போன் எது? பெரிய போன்தான் நல்லது என்று நீயும் சொல்லிவிடாதே. அம்மாவிடம் உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல். வாசித்ததும் கிழித்துவிடு. நானும் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

கற்பகம்


மட்டாஞ்சேரி,
27 ஜூலை 2025

அக்கா,

ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டால் பல்வலி என்கிறேன். கடையில் யாராவது அந்தப் பெரிய போனைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. நேற்று ஒருவர் கல்யாணம் முடிந்த புதிதில் மனைவிக்கு வாங்க வந்தார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் முகத்தைப் பார்க்கப் பழகுகிறேன்.

உன் கேள்விக்குக் கடையில் சொல்வதை விட்டுவிட்டு உள்ளதைச் சொல்கிறேன். விலை கூடியதில் படம் நன்றாக விழும், வெயிலில் திரை தெரியும், தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும், அஞ்சாறு வருடம் வரும். விலை குறைந்தது ரெண்டாம் வருடம் மந்தமாகிவிடும், ஆனால் பேட்டரி நிற்கும், தொலைந்தால் அழ வேண்டாம். பத்து மடங்கு விலை கொடுத்தாலும் பத்து மடங்கு நல்ல போன் கிடைக்காது. அப்பாவுக்கு வாங்கினால் சின்னதைத்தான் வாங்குவேன். சிஜு சேட்டன் இதைப் படித்தால் எனக்கு வேலை இல்லை.

நீ கேட்பது இதையல்ல என்று தெரியும். எந்த போனையும் யார் முதலில் திறந்து தன் பேரில் போடுகிறாரோ, அது அவருக்குத்தான் சொல்பேச்சு கேட்கும். அதனால் சின்னதாக ஒன்றை என் பேரில், நானே போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். என் நம்பர் மட்டும் இருக்கிறது. சத்தம், வெளிச்சம், அதிர்வு மூன்றையும் நிறுத்திவிட்டேன்.

இசக்கிராஜா அண்ணனிடம் பாதி சொன்னேன். அவர் மீதியைக் கேட்கவில்லை. அவர் மனைவி பாண்டிச்செல்வி அக்கா அங்கே தென்காசிக் கோயில் வாசலில் பூ விற்கிறவர். வெள்ளிக்கிழமை அத்தானோடு போகும்போது அவரிடம் பிச்சிப்பூ கேள். பூவுக்கு அடியில் இருக்கும்.

ஸாதனா


தென்காசி,
9 ஆகஸ்ட் 2025

சாது,

வந்து சேர்ந்தது. அந்த அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "முழம் நாற்பது, வாடாது தாயி" என்று பையில் போட்டார். உன் அத்தான் பக்கத்தில்தான் நின்றார். மாதவிலக்குப் பஞ்சுப் பாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அவர் தொடாத இடம் அது ஒன்றுதான்.

குறையும் சொல்கிறேன், கோபிக்காதே. உன் போன் சார்ஜ் ஏற யுகமாகிறது. அவர் குளிக்கிற கால் மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். பெரிய போன் அதற்குள் பாதி நிறைந்துவிடும். இது ஆறோ ஏழோ காட்டுகிறது. அந்தக் கால் மணி நேரமும் தண்ணீர் விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சத்தம் நின்றால் ஒயரைப் பிடுங்க வேண்டும். அதனால் அணைத்தே வைத்திருக்கிறேன். நீயாகக் கூப்பிடாதே.

எழுத்து கோணலாக இருக்கிறதா? கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. கதவில் மாட்டிக்கொண்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடம் அந்தப் பொய் வரவில்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு போ. அப்பாவிடம் இப்போது சொல்லாதே. அவர் உடனே போன் போட்டு நியாயம் கேட்பார். அவர் போனை வைத்த பிறகு நான் இங்கேதான் இருப்பேன்.

கற்பகம்


மட்டாஞ்சேரி,
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஓணம் விற்பனை முடிந்தால்தான் லீவு தருவார்கள். செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. ராவிலே ஏழரை மணிக்குப் பால் பூத்துக்கு வா. நான் அங்கே இருப்பேன். மற்றதெல்லாம் நேரில்.

ஸாதனா


மட்டாஞ்சேரி,
24 ஆகஸ்ட் 2025

அக்கா,

இந்தக் கடிதத்தை எப்படி அனுப்புவதென்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று கடையில் எங்களுக்குப் பயிற்சி. உன் பெரிய போனின் மாடல்தான். சிஜு சேட்டன் அதன் கேமராவைக் கையால் எழுதிய ஒரு சீட்டின் மேல் பிடித்து, எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் இது பிடித்துக்கொள்ளும் என்றார். என் பையில் உனக்கு எழுதிய கடிதத்தின் அடித்துத் திருத்திய தாள் இருந்தது. எல்லாரும் சாயா குடிக்கப் போனதும் அதை எடுத்துக் கேமராவின் கீழே வைத்தேன்.

மொழிபெயர்ப்பு குப்பையாக வந்தது. பால் பூத்தைப் பால் பூதம் ஆக்கியிருந்தது. மூச்சு வந்தது. பக்கத்தில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு பொத்தான். சும்மா அழுத்தினேன். ஒரு பெண் குரல் என் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தது. மலையாள எழுத்தைத்தான் வாசிக்கிறது, ஆனால் காதில் விழுவது நம் தமிழ். ஒரு வார்த்தை விடாமல். "அன்புள்ள அக்காவுக்கு" என்று கடை முழுக்கக் கேட்டது. திரும்பி வந்த சிஜு சேட்டன், "கொள்ளாமே, போனும் தமிழத்தி ஆயோ" என்று போனைப் பாராட்டுவது போலச் சிரித்தார். நிறுத்தத் தெரியாமல் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு அனுப்பிய சின்ன போன் மாதிரி ஒன்றிலும் வைத்துப் பார்த்தேன். அது என் கையெழுத்தைப் பிடிக்கவே இல்லை. பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு நல்ல போன் கிடைக்காது என்று உனக்கு எழுதியிருந்தேனே.

அத்தானுக்கு அந்தப் பொத்தான் தெரியுமா? போன கடிதத்தில் நாளும் நேரமும் இடமும் எழுதிவிட்டேன். அதுவும் எப்படி எழுதினேன் பார். ராவிலே என்று. கேட்டால் அவர் அதை ராத்திரி என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் நீ? ரெண்டு வருடமாக அந்தப் பேச்சையே பேசுகிறாய். நீயும் ராத்திரி என்று நினைத்து வந்து நின்றால்?

ரெண்டு வெள்ளியாக உன்னைக் கோயிலில் காணவில்லை என்று பாண்டிச்செல்வி அக்கா சொன்னாராம். சின்ன போனுக்கு நான் கூப்பிடவும் முடியாது. இதைத் தபாலில் போட்டால் அந்தக் குரல் இதையும் வாசிக்கும்.

என் தலையணை உறைக்குள் வைக்கிறேன்.

ஸாதனா


தென்காசி,
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தங்கை ஸாதனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதத்தை இப்போது போனே எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறது. இனிமையான குரல். எழுதி முடித்ததும் இதையும் அது வாசிக்க, அத்தான் கேட்டுவிட்டுத்தான் தபாலில் போடுவார். பழைய கடிதங்கள் எங்கே என்றும் கேட்டார். வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ வெள்ளிக்கிழமை வருவது அவருக்கு மிகவும் சந்தோஷம். "ராத்திரி ஏழரைக்குப் பால் பூத்துல எவன் இருப்பான்? படிச்ச பிள்ளைக்கு அறிவு இல்லையே" என்று சிரித்தார். ஏன் வீட்டுக்கு வராமல் அங்கே வரச் சொல்கிறாய் என்றும் கேட்டார். நீ கூச்சக்காரி என்றேன். அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து அவரும் என்னோடு வந்து நிற்பாராம். அவருடைய சிநேகிதர்கள் நாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு வேலை அதிகம், கோயிலுக்குக்கூடப் போவதில்லை. காலையில் பால் வாங்க மட்டும் வழக்கம்போல் போய் வருகிறேன்.

உன் கடிதத்தைக் கேட்டதும் நம் வீடு ஞாபகம் வந்தது. அம்மா நம்மை ராவிலே எழுப்பிக் குழாயடிக்கு அனுப்புவாளே. நீ பாதித் தூக்கத்தில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். அதை நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
திருமதி அழகர் கற்பகம்


மட்டாஞ்சேரி,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாளை திருவோணம். மட்டாஞ்சேரி முழுக்கக் கூட்டம். அத்தானுக்குப் பிடிக்கும் என்று நேந்திரங்காய் வறுவல் எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுதியபடியே ராவிலே ஏழரைக்கு வந்துவிடுவேன். எங்கள் கடை இசக்கிராஜா அண்ணன் முதல் நாள் வந்தது போல நான் நேரம் மாறி வரமாட்டேன், பயப்படாதே. அத்தானுக்கு என் வணக்கம்.

ஸாதனா


இடக்கொச்சி,
21 செப்டம்பர் 2025, ஞாயிறு

என் சாதுவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். ஹாஸ்டலில் எல்லாரும் போனில் பேசுகிறார்கள். எனக்குக் காதில் வைத்ததும் யாரோ பதிவு செய்வதாகவே தோன்றுகிறது. எழுதினால்தான் வருகிறது.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று ரயிலில் நீ கேட்டாய். இப்போது சொல்கிறேன்.

ஏழு மணிக்கு அவர் குளித்துவிட்டு வந்தார். சாயங்காலத்துக்கென்று முந்தின நாளே அல்வா வாங்கி வைத்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பாலை நான் வாங்கிட்டு வாரேன். நீ ராத்திரிக்குத் தெம்பா இரு" என்றார். நீ அந்த நேரம் பூத் பக்கத்தில் ஆட்டோவில் இருப்பாய். உன்னைப் பார்த்தால் முடிந்தது.

வயிறு வலிக்கிறது என்று பாக்கெட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். சின்ன போனை அழுத்தினேன். கம்பெனிப் பேர் வந்தது. அதன் கீழே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே அவர் செருப்பைத் தேடுகிறார். "ஏட்டி, எங்க போட்ட?" என்கிறார். "வாசல் மூலையில" என்று சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெரிய போன் இவ்வளவு நேரம் எடுத்திருக்காது, சாது. அந்த ஒரு நிமிடம் உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இன்னும் ரெண்டாயிரம் போட்டு நல்லதாக வாங்கியிருக்கக் கூடாதா என்று.

வட்டம் நின்றபோது பேட்டரி நாலு என்று காட்டியது. "அவர் வருகிறார், பின் சந்துக்கு வா" என்று மட்டும் அனுப்பினேன். முன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. செய்தி போய்விட்டதா என்று பார்ப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. உனக்கு வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் புறவாசலைத் திறந்தேன்.

பெரிய போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். பூத்தில் வரிசையில் நின்றுகொண்டு அவர் நீலப் புள்ளியைப் பார்த்திருப்பார். புள்ளி வீட்டில்தான் இருந்திருக்கும்.

சந்தில் ஆட்டோ நின்றது. நீ குனிந்து உட்கார்ந்திருந்தாய், உன் முகம் தெரியவில்லை. வேறு யாரோ என்று திரும்பி ஓடப் பார்த்தேன். "அக்கா, ராவிலே" என்றாய். ஏறிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டாஞ்சேரிக்கு வந்ததை அப்பா சொன்னார். அப்பா வேலை முடிந்து யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் வாசலை மறித்து நின்றாராம். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றதும் அவர் சத்தம் போடவில்லையாம். போகும்போது அம்மாவிடம் மட்டும் மரியாதையாக, "அத்தை, உங்க வீட்டுல ராவிலேன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாராம். அம்மாவுக்கு என்ன தெரியும், "ராவிலேன்னா ராவிலேதான் மாப்ளே, சாயா குடிக்கிற நேரம்" என்று சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இனி அந்த வார்த்தையும் அவருக்குத் தெரியும். இந்த இடமும் ஒருநாள் தெரிந்துவிடலாம். ஹாஸ்டல் கேட்டில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ஒயரைப் பிடுங்குவதற்குக் கை தானாகப் போகிறது.

திங்கள் முதல் பக்கத்து இறால் கம்பெனியில் பேக்கிங் வேலை. சின்ன போனை உள்ளே விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான். நேற்று அதன் கேமராவின் கீழே உன் பழைய ஓணக் கடிதத்தை வைத்துப் பார்த்தேன். அது ஒன்று மட்டும்தான் என்னிடம் மிச்சம், அன்று இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். நெடுநேரம் முக்கிவிட்டு, எழுத்து எதுவும் இல்லை என்று சொன்னது. ரெண்டு தடவை வைத்தேன், ரெண்டு தடவையும் அதையே சொன்னது. அதன் பிறகு கொஞ்சம் தூங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே. வா. என்ன நேரம் என்று எழுத வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், காலையில் என்று எழுதி அடித்துவிட்டேன். அது நான் அங்கே பேசிய பேச்சு.

ராவிலே வா. சாயா போட்டு வைக்கிறேன்.

உன் அக்கா
கற்பகம்